இரு ரூபாய்களின் வரலாறு

ரூபாய் என்னும் சொல் வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து பிறந்தது. இந்தியாவும் இலங்கையும் அப்பெயரையே தத்தம் நாணயத்துக்கு வழங்கி வருகின்றன. பெயர் ஒன்றாயிருக்க மதிப்பு வேறாயிருப்பதேன்? இந்திய ரூபாயினும் இலங்கை ரூபாய் உயர்ந்து நின்ற காலத்தைப் பெரியோர் சிலர் நினைவுகூர்வர். இளைஞராகிய நாமோ அதற்கு மாறான நிலையையே பிறந்தது முதற் கண்டு வருகின்றோம். இரண்டும் உண்மையே. இவ்விரண்டுக்கும் முன்னே இரு நாணயங்களும் சமமாயிருந்த நெடுங்காலமும் ஒன்றுண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இலங்கையில் றிக்ஸ்டொலரும், 1825 முதற் பவுண், சிலிங், பென்ஸ் கணக்கும் வழங்கின. எனினும், தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்குக் கூலி கொடுக்க இந்திய வெள்ளி ரூபாயே வேண்டியிருந்தது. அரிசியும் துணியும் அக்கரையிலிருந்தே வந்தன. ஆகவே 1869இல் இந்திய ரூபாய் இங்கு சட்டபூர்வமான நாணயமாக ஏற்கப்பட்டது. 1872 முதல் அது 100 சதமாகக் கணக்கிடப்பட்டது. இந்தியாவிலோ ஒரு ரூபாய் 16 அணாவாகவே இருந்தது. இங்குள்ள 25 சதம் அங்கே நாலணா. இந்தியா 100 பைசா முறைக்கு மாறியது 1957இலேயாம். இவ்வொரு காரியத்தில் எமது சிறு தீவு 85 ஆண்டுகள் முந்திக்கொண்டது.

1884இல் ஓறியன்ரல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுக்களை வைத்திருந்தோர் திகைத்தனர். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுக்களுக்கு அரசாங்கத்தின் உறுதியை அளித்தார். அவ்வாண்டே நாணயச் சபை ஏற்படுத்தப்பட்டு, பின்னர் அரசாங்க நோட்டுக்கள் வெளிவரலாயின. அவற்றின் பெறுமதியும் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தது. 1898 அளவில் இந்திய ரூபாய் 1 சிலிங் 4 பென்சில் நிலைத்தபோதும், 1927இல் 1 சிலிங் 6 பென்ஸ் என விதிக்கப்பட்டபோதும் இலங்கை ரூபாய் அதனைப் பின்தொடர்ந்தது. இச்சமத்துவம் இரு நாடுகளின் செல்வமும் சமம் என்பதற்கு அடையாளமன்று; இரண்டுக்கும் எசமான் ஒருவன் என்பதற்கே அடையாளமாகும்.

சுதந்திரத்தின் பின், 1950 ஆகஸ்ட் 28ந் திகதி இலங்கை மத்திய வங்கி தொடங்கப்பட்டது. ஜோன் எக்ஸ்டர் என்னும் அமெரிக்கர் அதன் முதலாவது ஆளுநரானார். பெட்டியின் திறவுகோல் எமது கைக்கு வந்தது. ஆயினும் பழைய உறவு உடனே அறுந்துவிடவில்லை. 1949இல் பவுண் மதிப்பிறக்கப்பட்டபோது இரு ரூபாய்களும் கூடவே இறங்கி, ஒரு டொலருக்கு ஏறத்தாழ 4 ரூபாய் 76 சதம் என்ற அளவில் நின்றன. அந்நிலை 1966 வரை நீடித்தது.

1962, 1965ஆம் ஆண்டுகளின் யுத்தங்களாலும், மழையின்மையாலும், அந்நிய உதவி குறைந்தமையாலும் நெருக்குண்ட இந்தியா, 1966 ஜூன் 6ந் திகதி தன் ரூபாயை டொலருக்கு 7 ரூபாய் 50 பைசாவாக மதிப்பிறக்கிற்று. இலங்கை அசையவில்லை. அன்றோடு ஏறக்குறைய நூறாண்டுச் சமத்துவம் முடிவுற்றது.

இதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். எமது ஆலயத்துக்குச் சென்னையிலிருந்து 100 இந்திய ரூபாய் விலையுள்ள வெண்கல மணி ஒன்று வாங்குவதாகவும், அங்கே அதன் விலை என்றும் மாறவில்லை எனவும் வைத்துக்கொள்வோம். 1966 மே மாதத்தில் அதற்கு இலங்கைப் பணம் 100 ரூபாய் வேண்டும். ஜூன் மாதத்தில் 63 ரூபாய் 50 சதமே போதும். 1967 நவம்பரில் இலங்கையும் தன் நாணயத்தை டொலருக்கு 5 ரூபாய் 95 சதமாக இறக்கியபின் அது 79 ரூபாயைத் தாண்டிற்று. 1977 நவம்பரில் டொலர் 16 ரூபாயாக்கப்பட்டபோது ஏறத்தாழ 180 ரூபாயாயிற்று. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் அண்ணளவாக 265 ரூபாயாக இருந்தது, அவ்வாண்டு மே மாதத்தில் 450 ரூபாயையும் கடந்தது. 2024இன் முடிவில் ஏறத்தாழ 340 ரூபாயாயிற்று.

அப்படியாயின் 1966 முதல் 1977 வரையுள்ள காலம் எமக்குப் பொற்காலமோ? அன்று என்க. 63 ரூபாய் 50 சதத்துக்கு மணி கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. அதனை வாங்க வேண்டிய அந்நியச் செலாவணியை 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பூட்டி வைத்திருந்தது. 1968 முதல் அத்தியாவசியமல்லாத இறக்குமதிகளுக்கு உரிமைச் சான்றிதழ் பெற்று மேலதிக விலை கொடுக்க வேண்டியுமிருந்தது. கடையிற் கிடையாத பொருளுக்கு எழுதிய விலை மலிவாயிருந்தென்ன, உயர்வாயிருந்தென்ன? தேயிலையும் றப்பரும் தெங்கும் விற்றுப் பெற்ற பணம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் போதாதபோது, உயர்ந்த வீதம் என்பது வெறும் அலங்காரமே.

எனினும், மதிப்பிறக்கத்தை அளவின்றிப் புகழ்வதும் தவறாகும். நாணயம் தாழ்ந்தால் ஏற்றுமதி செய்வோர்க்கும், அந்நிய நாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்பும் குடும்பங்களுக்கும் கை நிறையும். கொட்டியாரக் குடாவில் வலை வீசுவோர்க்கும் வயல் விதைப்போர்க்கும் அது வேறு முகத்தைக் காட்டும். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. மானியம் நீங்கியதும் அதற்கு ஒரு காரணம். நாணயம் வீழ்ந்தது மற்றொரு காரணம். 2006இல் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழிந்து வெறுங்கையோடு மீண்ட சம்பூர் மக்களுக்கு அச்சுமை எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்திய ரூபாயும் இப்போது எமது வாசலுக்கே வந்துள்ளது. 2024 பெப்ரவரி முதல் இந்தியப் பயணிகள் தம் கைத்தொலைபேசி மூலம் இங்குள்ள கடைகளிற் பணம் செலுத்தலாம். 2025 ஏப்ரலில், இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாக அமைக்கும் சூரிய மின்னிலையத்துக்குச் சம்பூரில் தொடக்கம் செய்யப்பட்டது. வெயிலிலிருந்து பெறும் மின்சாரம் எவ்வளவோ, அவ்வளவுக்கு எண்ணெயும் நிலக்கரியும் வாங்கும் டொலர் மிச்சமாகும். நாணய மாற்று வீதம் கொழும்பிலுள்ள வங்கிகளில் மாத்திரம் பிறப்பதன்று. எமது வயலிலும் கடலிலும் வெயிலிலும் பிறப்பது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆதலின், ரூபாய் உயர்ந்தது என மகிழ்வதற்கும் தாழ்ந்தது என வருந்துவதற்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்போமாக: அந்த விலைக்கு அந்நியப் பணம் உண்மையிற் கிடைக்கின்றதா? அதனைச் சம்பாதிக்க நாம் எதை விளைவித்தோம்? பெரியோர் தமது அனுபவத்தால் முதற் கேள்விக்கு விடை கூறுவர். இரண்டாவதற்கு விடை கூறும் கடமை இளைஞராகிய எம்முடையதாகும்.