உப்பும் சுமையும்: குமரி மாவட்டப் பிக்கப் வண்டிகளின் தகுதிச் சோதனை

தேங்காய்ப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து விடியுமுன் மீன் ஏற்றிப் புறப்படும் பிக்கப்பும், குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் தடியும் வாழைக்குலையும் சுமந்து இறங்கும் பிக்கப்பும், தோவாளைப் பூச்சந்தைக்கு ஓடும் குட்டி யானையும் ஒரே வகைச் சோதனையில் தேறித்தான் சாலைக்கு வருகின்றன. சோதனையின்போது வண்டி வெறுமையாக நிற்கிறது. சான்றோ சுமையோடு ஓடுவதற்கு. மற்ற இடங்களில் இந்த இடைவெளியால் வரும் கேடு சிறிதாக இருக்கலாம். உப்புக்காற்றும் இருபருவ மழையும் மேற்குப் பகுதியின் ஏற்ற இறக்கமும் சேர்ந்த குமரி மாவட்டத்தில் அது பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, தகுதிச் சான்று (எஃப்.சி.) இல்லாத போக்குவரத்து வாகனத்தை முறையாகப் பதிவானதாகவே கருதுவதில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 62-ஆம் விதி சான்றின் காலத்தைச் சொல்கிறது. 2018-இல் வந்த திருத்தத்தின்படி எட்டு வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறையும் அதற்குமேல் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அவ்விதியின் பட்டியலில் முகப்பு விளக்கு, ரிப்ளெக்டர், ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் உண்டு. சேஸ் துருவுக்கென்று தனி இனம் இல்லை. வயதை மட்டும் வைத்துக் காலம் கணக்கிடுவதிலும் குறை இருக்கிறது. நான்கு ஆண்டு மீன் ஏற்றிய வண்டியின் அடிப்பாகம், பத்தாண்டு காய்கறி ஏற்றிய வண்டியைவிட மோசமாக இருக்க எல்லா நியாயமும் உண்டு.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் இது விளங்கும். ஐஸ் உருகி மீன்பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீர், தளத்தின் இடுக்கு வழியாகப் பின் அச்சின்மேல்தான் சொட்டுகிறது. கமான் பட்டைகளும் பிரேக் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. பல பிக்கப்களில், சுமைக்கேற்பப் பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வும் அங்கேயே உண்டு. சேஸில் பொருத்திய அந்த வால்வை ஒரு சிறு கம்பி பின் அச்சோடு இணைக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழும்போது கம்பி வால்வைத் திருப்ப, பின்பிரேக் முழு வலுவோடு பிடிக்கும். துருவேறி வால்வு ‘காலி வண்டி’ நிலையிலேயே இறுகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சோதனை மைதானத்துக்கு வரும் வெறும் வண்டிக்கு அதுவே சரியான நிலை. பிரேக் இன்ஸ்பெக்டரின் முன் குறை எதுவும் தெரியாது. மறுநாள் ஒன்றரை டன் பாரத்தோடு இறக்கத்தில் வரும்போதுதான் பின்பிரேக் போதிய வலுவோடு பிடிக்காமல் போகும். ஓட்டுநர் மேல் பழி விழும் விபத்துகளில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்ற கேள்வி என்னை உறுத்துகிறது.

எஃப்.சி.க்கு முந்தைய பட்டறை வேலையும் இதற்குத் துணை போகிறது. டிங்கரிங், பெயின்ட், புது ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் முடிந்தபின் சேஸுக்கும் கறுப்புப் பூசிவிடுகிறார்கள். துருவைச் சுரண்டாமல் பூசிய பூச்சின்கீழ் உலோகம் தொடர்ந்து அரிபடும். இதற்காக உரிமையாளரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எஃப்.சி. நாளில் அவருக்கு ஓட்டம் போகிறது. காலக்கெடு தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2016-இல் விதி வந்தது. கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கும் சோதனைக்குக் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அவர் சரிசெய்வார்.

தானியங்கிச் சோதனை நிலையங்கள் இதைத் தீர்க்கும் என்பது பொதுவான நம்பிக்கை. உருளைமேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியே அளப்பது கண்மதிப்பைவிட மேலானது, ஐயமில்லை. ஆனால் வெறும் வண்டியின் பின்சக்கரம் உருளையில் சீக்கிரமே வழுக்கிவிடும். பாரத்தில் பிரேக் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த அளவு சொல்லாது. பிரிட்டனில் கனரக லாரிகளை ஆண்டுச் சோதனைக்குச் சுமையோடு கொண்டுவரச் சொல்வது இதனால்தான். அங்கே பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் சேஸ் வலுவிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் வண்டி தேறாது.

இவ்வளவும் இங்கே உடனே வர வேண்டியதில்லை. சோதனைக் குழிக்குள் இறங்கி வால்வின் கம்பியைக் கையால் அசைத்துப் பார்ப்பதற்கும், சேஸைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதற்கும் சில நிமிடங்கள் போதும். சான்று எந்நாள் வரை செல்லும் என்பதை இன்று எவரும் இணையத்தில் பார்க்கலாம்; வண்டி எதனால் திருப்பி அனுப்பப்பட்டது என்பது வெளியே வருவதில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் அலுவலகங்கள் அந்தக் காரணங்களை மீன் வண்டி, தோட்ட வண்டி, சந்தை வண்டி என்று பிரித்து ஆண்டுதோறும் வெளியிட்டால், இங்கே முன்வைத்த வாதம் நிற்கிறதா என்பதை யாரும் சரிபார்க்கலாம்.