விலாவலிக்குப் பச்சைக்கல்: ஒரு பெயரின் கதை

1/ போன சித்திரை வெயில்ல நடந்தது. மேலூர்ப் பக்கத்துக் கொத்தனார் அண்ணன் ஒருவர், நடுராத்திரி விலாவைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். குளிர்காய்ச்சல் வேற. விரலில் பச்சைக்கல் மோதிரம். "கல்லடைப்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க சார். மூணு வாரமா போட்டிருக்கேன்."

2/ எனக்குத் திட்டத் தோணலை. ஏன்னா, இந்த நம்பிக்கையை ஒரு காலத்தில் எழுதிப் பரப்பினதே எங்க ஆட்கள்தான். ஆமாங்க, டாக்டர்கள்!

3/ 16ஆம் நூற்றாண்டு. மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியர்கள் அங்கே மக்கள் போற்றிய ஒரு பச்சைக்கல்லைப் பார்த்தார்கள். உடம்பில் கட்டினால் விலாவலி, சிறுநீரகக் கல் தீரும் என்று நம்பி 'பியெத்ரா தே இஹாதா' என்றார்கள். அதாவது விலாக்கல். செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் 1565-ல் இதைத் தன் மருத்துவ நூலிலேயே எழுதிவிட்டார்.

4/ அந்த 'இஹாதா'தான் பிரெஞ்சு வழியாக 'ஜேட்' ஆனது. லத்தீனில் இதே கல்லுக்குச் 'சிறுநீரகத்துக்கான கல்' என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்தது 'நெஃப்ரைட்'. எங்க நெஃப்ராலஜி வார்டுக்கும் அதே கிரேக்க வேர்தான்: நெஃப்ரோஸ், சிறுநீரகம்.

5/ 1863-ல் பிரெஞ்சு வேதியியலாளர் தாமூர், ஜேட் என்பது ஒரே கல் அல்ல, இரண்டு என்று காட்டினார்.
நெஃப்ரைட்: கால்சியம், மெக்னீசியம், இரும்பு கலந்த சிலிக்கேட்.
ஜேடைட்: சோடியம் அலுமினியம் சிலிக்கேட்.
வேடிக்கை என்னன்னா, மெக்சிகோ கல் ஜேடைட். சிறுநீரகப் பெயர் ஒட்டிக்கொண்டதோ மற்றதில்!

6/ பச்சை எப்படி வருது? சுத்தமான ஜேடைட் வெள்ளைதான். அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் துளி குரோமியம் உட்கார்ந்தால் பளீர் பச்சை. நெஃப்ரைட்டில் அந்த வேலையைப் பெரும்பாலும் இரும்பு செய்யுது.

7/ மதுரைக்காரங்களுக்குப் பச்சைன்னா மரகதவல்லி மீனாட்சி, உத்தரகோசமங்கை மரகத நடராஜர். ஆனால் மரகதம் வேற, ஜேட் வேற. மரகதம் பெரிலியம் சேர்ந்த கல். அதிலும் நிறம் தருவது குரோமியம் அல்லது வனேடியம். அதே குரோமியம் மாணிக்கத்தில் சிவப்பு தருது! நம்ம பேச்சில் மரகதம், ஜேட், பச்சைக் கண்ணாடி எல்லாத்துக்கும் ஒரே பேர்: பச்சைக்கல்.

8/ எந்தக் கல்லானாலும் அந்த உலோகம் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்குது. தோல் வழியா இறங்கி சிறுநீரகக் கல்லைக் கரைக்காது.

9/ அண்ணனுக்குக் கல் சிறுநீர்க் குழாயை அடைச்சு, மேலே சீழ் பிடிச்சிருந்தது. அன்னிக்கு ராத்திரியே ஸ்டென்ட் வெச்சாங்க. பிழைச்சுட்டார். அந்த மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது.

10/ மோதிரம் போடுங்க, சாமி கும்பிடுங்க, நான் குறுக்கே வரலை. ஆனா விலாவலியோட காய்ச்சல், குளிர், சிறுநீர் குறைவு இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. வெயிலில் வேலை செய்றவங்க நிறைய தண்ணீர் குடிங்க. சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய் இருக்கிறவங்க மட்டும் அளவை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.