சட்டம் கேட்ட எஞ்சின்

நான் சொல்ல வந்தது ஒரு கார் எஞ்சினின் வரலாறு. அமெரிக்கா 1970இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. 1975ஆம் ஆண்டுக் கார்களின் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறைய வேண்டும் என்றது. டெட்ராய்ட் நிறுவனங்கள் அவகாசம் கேட்டன; 1973இல் ஓராண்டு கிடைத்தது.

ஜப்பானின் ஹோண்டா அதற்குள் சி.வி.சி.சி. எஞ்சினைக் காட்டிவிட்டது. சிறிய முன்னறையில் பெட்ரோல் மிகுந்த கலவையைப் பற்றவைத்து, அந்தத் தீயால் பெரிய அறையில் பெட்ரோல் குறைந்த கலவையை எரிக்கும் முறை. 1972 இறுதியில் அமெரிக்க அரசின் சோதனையிலும் அது தேறியது.

பெரிய நிறுவனங்களை முந்த இதுவே வாய்ப்பு என்றார் நிறுவனர் சோய்சிரோ ஹோண்டா. சமூகத்துக்காகத்தான் செய்கிறோம் என்றார்களாம் இளம் பொறியாளர்கள். 1973இல் அவர் ஓய்வுபெற்றார்.

எஞ்சின் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. புகைக்கு எல்லை மட்டுமே வகுத்தது. ஒரே எல்லை, ஒருவருக்குத் தடை, இன்னொருவருக்கு வேலை. அவகாசம் கொடுக்கும் அரசுகள் இதை நினைவில் வைக்கவேண்டும் என்பேன்.