ஆற்று மக்களும் நீரிழிவின் எல்லைக்கோடும்

நீரிழிவுச் சோதனை செய்து கொண்டவர்களில் பலர் ஓர் எண்ணை அறிந்திருப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகி, இரண்டு மணி நேரம் சென்றபின் எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 11.1 மில்லிமோலோ அதற்கு மேலோ இருக்குமானால், அதனை நீரிழிவின் அடையாளம் என்று மருத்துவர் கொள்வர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மட்டுமன்று, உலகெங்கும் இதுவே எல்லைக்கோடு. ஏன் 11.1? ஏன் 9 அன்று, 13 அன்று? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் வாழும் ஒரு சிறு பழங்குடியினரையும், அவர்களிடையே பல்லாண்டுகள் ஆய்வு நடத்திய டாக்டர் பீட்டர் பென்னட்டையும் நாம் அறிந்து கொள்ளுதல் வேண்டும்.

வேறொன்றைத் தேடி வந்தவர்

பென்னட் இங்கிலாந்தில் மருத்துவம் பயின்றவர். அவர் முதலில் எடுத்துக் கொண்ட துறை நீரிழிவு அன்று, மூட்டுவாதம். குளிர் நாட்டில் மூட்டுவாதம் மிகுமா, வெப்ப நாட்டில் குறையுமா என்ற வினாவை அவரும், அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் பர்ச்சும் ஆராய முற்பட்டனர். குளிர் மிகுந்த மொன்டானா மாநிலத்துப் பிளாக்ஃபீட் பழங்குடியினரையும், வெயில் காயும் அரிசோனாவின் பிமா பழங்குடியினரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுடைய திட்டம். 1963ஆம் ஆண்டில் பிமா மக்களிடம் இரத்தம் எடுத்தபோது, அதிலுள்ள சர்க்கரையின் அளவையும் உடன் சோதித்தனர். வாதத்தைத் தேடிச் சென்றவர்கள் அங்கே கண்டது நீரிழிவை. அதுவரை உலகில் எந்த மக்களிடமும் காணப்படாத அளவில் அந்நோய் அங்கே பரவியிருந்தது.

இது பழமையான நோயா என்றால், அன்று. 1908ஆம் ஆண்டில் வெளியான மானிடவியல் அறிஞர் ஹர்ட்லிச்காவின் நூல் பிமா மக்களிடையே ஒரே ஒரு நீரிழிவு நோயாளியைத்தான் குறிப்பிடுகிறது. 1937ஆம் ஆண்டில் புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் எலியட் ஜாஸ்லின் அரிசோனாவுக்குச் சென்று கணக்கெடுத்தபோது 21 பேரைக் கண்டார். மற்ற அமெரிக்கரிடம் காணும் அளவுதான் இது என்று முடிவு கூறினார். முப்பது ஆண்டுகள்கூட நிறைவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1971ஆம் ஆண்டில் பென்னட்டும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட கட்டுரையின்படி, 35 வயதும் அதற்கு மேலும் ஆன பிமா மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நீரிழிவு உடையவர்கள்.

ஆற்றை இழந்தவர்கள்

இடையில் நிகழ்ந்தது யாது? பிமா என்பது பிறர் இட்ட பெயர். அம்மக்கள் தம்மை அக்கிமெல் ஓஓதம் என்று அழைத்துக் கொள்கின்றனர். ‘ஆற்று மக்கள்’ என்பது அதன் பொருள். ஹீலா என்னும் ஆற்றின் நீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சி, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்து வாழ்ந்த வேளாண்குடியினர் அவர்கள். 1849ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்குப் பொன் தேடிச் சென்ற வெள்ளையர் கூட்டத்துக்கு வழியில் கோதுமை கொடுத்துப் பசி தீர்த்தவர்களும் அவர்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் நீரைத் தம் வயல்களுக்குத் திருப்பிக் கொண்டனர். ஆறு வறண்டது, வயல்கள் காய்ந்தன, பஞ்சம் புகுந்தது. காலப்போக்கில் அரசு வழங்கிய வெள்ளை மாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் அவர்களுடைய உணவாயின. ஏரும் மண்வெட்டியும் பிடித்த கைகளுக்கு வேலை இல்லாது போயிற்று. நோயின் வரலாற்றைப் படிப்பவர் இந்த ஆற்றின் வரலாற்றை மறந்துவிடலாகாது.

வீடு தேடிச் சென்ற ஆராய்ச்சி

1965ஆம் ஆண்டில், அம்மக்களின் ஒத்துழைப்போடு நீண்டகால ஆய்வு ஒன்று தொடங்கியது. மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் மருத்துவர், தம்மை நாடி வரும் நோயாளியை மட்டுமே காண்பார். நோய் யாருக்கு வரவில்லை, வந்தவருக்கு எப்போது வந்தது, வருமுன் அவர் உடலில் என்ன மாறுதல் தோன்றியது என்பன அவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே பென்னட் குழுவினர் நோயுற்றவர், நலமாயிருப்பவர் என்ற வேறுபாடின்றி, ஐந்து வயதுக் குழந்தை முதல் முதியவர் வரை அனைவரையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்தனர். இவ்வாறு நாற்பது ஆண்டுகள் அளவில் ஆய்வு தொடர்ந்தது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் அதன் ஏடுகளில் இடம்பெற்றன.

அக்காலத்தில் நீரிழிவு என்பதற்கே உலகில் ஒத்த இலக்கணம் இல்லை. சில நாடுகளில் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்தனர். சில நாடுகளில் 100 கிராம் கொடுத்தனர். எந்த அளவுக்கு மேற்பட்டால் நோய் என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து வேறுபட்டது. ஓர் ஊரில் நோயாளி எனப்பட்டவர் வேறோர் ஊருக்குச் சென்றால் நலமுடையவர் ஆகிவிடுவார்! பெரும்பாலான நாடுகளில் மக்களின் சர்க்கரை அளவை வரைபடமாக இட்டால் ஒரே குன்றுதான் தெரியும். அது ஒரு பக்கமாக மெல்லச் சரிந்து செல்லும். அச்சரிவில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது?

பிமா மக்களின் வரைபடமோ வேறு விதமாக இருந்தது. அதில் இரண்டு குன்றுகள் எழுந்தன. ஒன்று நலமுடையவர்களின் குன்று. மற்றொன்று நோயுற்றவர்களின் குன்று. இடையே ஒரு பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. புள்ளியியல் அறிஞர் ரஷ்ஃபோர்த்துடன் சேர்ந்து பென்னட் குழுவினர் 1971ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். அத்துடன் நில்லாது, நீரிழிவினால் கண்ணின் விழித்திரையில் தோன்றும் கேடு யாருக்கு உண்டாகிறது என்றும் ஆராய்ந்தனர். அக்கேடு பெரும்பாலும் இரண்டாவது குன்றைச் சேர்ந்தவர்களிடமே காணப்பட்டது. ஆகவே அந்தப் பள்ளம் வெறும் கணக்கு அன்று. உடலின் கேட்டையும் நலத்தையும் பிரிக்கும் எல்லை என்பது புலனாயிற்று. இங்கிலாந்தில் பேராசிரியர் ஹாரி கீன் நடத்திய ஆய்வுகளும் இதற்குத் துணை நின்றன.

இச்சான்றுகளைக் கொண்டே 1979ஆம் ஆண்டில் அமெரிக்க வல்லுநர் குழு, டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்தது. மறு ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய அதே எல்லையை ஏற்றது. 200 மில்லிகிராம் என்பதை மில்லிமோல் கணக்கில் சொன்னால் 11.1 ஆகும். 1997ஆம் ஆண்டில் வெறும் வயிற்றுச் சோதனையின் எல்லை 7.0 மில்லிமோலாகக் குறைக்கப்பட்டபோதும், பிமா மக்களின் கண் பரிசோதனை முடிவுகள் அதற்குரிய சான்றுகளில் ஒன்றாய் அமைந்தன.

கருவிலே தொடங்கும் கேடு

தலைமுறைகளைத் தொடர்ந்து பார்த்ததனால் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. 1988ஆம் ஆண்டில் டாக்டர் பெட்டிட், பென்னட் முதலியோர் வெளியிட்ட ஆய்வின்படி, தாய் கருவுற்றிருந்தபோதே நீரிழிவு உடையவளாக இருந்தால், அப்பிள்ளைகளில் 45 சதவீதத்தினர் 20 முதல் 24 வயதுக்குள் நீரிழிவு உடையவராயினர். நீரிழிவு இல்லாத தாயின் பிள்ளைகளில் இந்த அளவு 1.4 சதவீதமே. மகப்பேற்றுக்குப் பின்னரே நோய் கண்ட தாய்மார்களின் பிள்ளைகளிடம் அது 8.6 சதவீதம். பரம்பரை ஒன்றே காரணமாயின் இவ்விரு வகைப் பிள்ளைகளிடையே இத்தனை வேற்றுமை இருக்க இயலாது. கருப்பையில் குழந்தை பெறும் சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று. இன்று கருவுற்ற பெண்களுக்குச் சர்க்கரைச் சோதனையை வற்புறுத்துவதற்கு இவ்வாய்வும் ஒரு காரணம்.

பரம்பரையா, வாழ்க்கை முறையா?

1962ஆம் ஆண்டில் மரபியல் அறிஞர் ஜேம்ஸ் நீல், பஞ்சகாலத்தில் உடலைக் காக்கும் சிக்கன மரபணுவே வளம் வந்தபோது நீரிழிவைத் தருகிறது என்ற கொள்கையை வெளியிட்டிருந்தார். பலர் அதனைப் பிமா மக்கள்மீது ஏற்றி, அவர்கள் பிறவியிலேயே நோய்க்குரியவர்கள் என்பது போலப் பேசினர். அப்பேச்சு ஒரு மக்கள் கூட்டத்தின்மேல் விழுந்த பழியாயிற்று.

அதற்குத் தக்க விடை மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தது. அங்கே மைகோபா என்னும் மலையூரில் பிமா மக்களின் உறவினர் வாழ்கின்றனர். அவர்கள் மலைநிலத்தில் உழுது பயிரிட்டு, கடின உடலுழைப்புடன் வாழ்ந்தவர்கள். பென்னட்டும் பங்கு கொண்டு 2006ஆம் ஆண்டில் வெளியான ஒப்பாய்வில், அரிசோனாப் பிமா மக்களிடம் நீரிழிவு 38 சதவீதம். மெக்சிக்கோவின் உறவினரிடம் 6.9 சதவீதம். மரபால் நெருங்கியவர்களிடையே இத்துணை வேறுபாடு! பரம்பரை வழி வரும் இயல்பு விதை போன்றது. அது முளைப்பதற்கு உணவும் உழைப்பும் மாறிய சூழ்நிலை வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

சூழ்நிலையை மாற்றினால் நோயைத் தடுக்கலாமா என்பது அடுத்த வினா. சீனாவின் டாச்சிங் நகரில் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனையில் பென்னட் சீன மருத்துவர்களுடன் சேர்ந்து பணியாற்றினார். நீரிழிவின் வாசலில் நின்ற 577 பேரில் சிலருக்கு உணவு முறை, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும் கற்பிக்கப்பட்டன. எஞ்சியோர் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டனர். ஆறு ஆண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவில் 67.7 சதவீதத்தினர் நோயுற்றனர். உடற்பயிற்சிக் குழுவில் 41.1 சதவீதத்தினர் மட்டுமே நோயுற்றனர். பென்னட்டின் ஃபீனிக்ஸ் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் நோலர் முதலியோர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய அமெரிக்கச் சோதனையும் இதனை உறுதிப்படுத்தியது. வாழ்க்கை முறையைத் திருத்தியதனால் நோய் 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மருந்தினால் 31 சதவீதம் குறைந்தது.

நாம் பட்ட கடன்

இச்செய்தி நமக்கு அயலானது அன்று. சிங்கப்பூரில் 1975ஆம் ஆண்டில் 2 சதவீத அளவில் இருந்த நீரிழிவு 1992ஆம் ஆண்டில் 8.6 சதவீதம் ஆயிற்று. அவ்விரு கணக்கெடுப்புகளிலும் இந்தியரிடையேதான் அது மிகுந்திருந்தது. பதினேழு ஆண்டுகளில் எந்த மக்களின் மரபும் மாறுவதில்லை. மாறியவை நம் உணவும், நம் வேலையும், நம் நடையுமே.

உலகம் இவ்வளவு அறிவைப் பெற்றது. அதனை வழங்கிய ஆற்று மக்கள் பெற்றது என்ன? நோயை முன்னதாகக் கண்டறியும் வசதி கிடைத்தது, மருத்துவம் கிடைத்தது. ஆயினும் நோய் அவர்களை விட்டு நீங்கவில்லை. அவர்களுக்கு நீருரிமையை மீட்டுத் தரும் சட்டம் 2004ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. ஆறு பறிபோய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னர் வந்த நீதி அது. ஆராய்ச்சியாளரால் நோயின் காரணத்தைக் காட்ட முடியும். பறிக்கப்பட்ட ஆற்றைத் திருப்பித் தருவது அரசின் கையிலேயே இருக்கிறது.

இனி நம் சோதனைச் சீட்டில் 11.1 என்ற எண்ணைக் காணும்போது, தலைமுறை தலைமுறையாக இரத்தம் கொடுத்து அதனை நமக்கு ஈந்த அம்மக்களை நினைவுகூர்தல் நம் கடமை. அந்த எல்லையைத் தாண்டாமல் நம்மையும் நம் பிள்ளைகளையும் காத்துக் கொள்வதே, அவர்களுக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழியாகும்.