ஹாஸ்பிஸ்

இனி நோயைக் குணப்படுத்த வழியில்லை என்ற நிலையில், வலியைத் தணித்துக் கடைசிவரை கவனித்துக்கொள்ளும் இடம். அந்தக் கவனிப்புக்கும் இதே பெயர். வேர், 'ஹோஸ்பெஸ்' என்ற லத்தீன் சொல். விருந்தாளி, விருந்தோம்புபவர் இருவரையும் அது குறித்தது. ஹாஸ்பிட்டல், ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் ஒரே குடும்பம். ஐரோப்பாவில் யாத்திரிகர் தங்கும் சத்திரங்களுக்கே முதலில் இந்தப் பெயர் வழங்கியது.

இன்றைய பொருளை நிலைநிறுத்தியவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகவும் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகே டாக்டருக்குப் படித்தவர். 1948இல் லண்டனில் புற்றுநோயால் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, தான் வாழ்ந்ததற்குத் தடமே இல்லையே என்று அவரிடம் வருந்தியிருந்தார். சாண்டர்ஸ் என்றோ கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று 500 பவுண்டு விட்டுச்சென்றார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தபோது அந்த ஜன்னலும் அங்கே இருந்தது. உடல் நோவு, மனத்துயர், குடும்பக் கவலை, வாழ்ந்ததற்கு அர்த்தம் உண்டா என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்ததை 'முழு வலி' என்றார் சாண்டர்ஸ். நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல், வலி திரும்புமுன்பே வேளை தவறாமல் மார்ஃபின் கொடுக்கச் சொன்னார். அவர் செய்ததிலேயே பெரிய கருணை இதுதான் என்பேன்.

பிரெஞ்சில் ஹாஸ்பிஸ் என்ற சொல்லுக்கு ஏழை விடுதி என்ற வாடை உண்டு. அதனால் மான்ட்ரியால் டாக்டர் பால்ஃபர் மவுண்ட் 1970களில் 'பேலியேட்டிவ் கேர்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா என்ற ஹாஸ்பிஸ் தொடங்கியது.

சாகப்போகிற இடம் என்று இதற்குப் பொருள் சொல்வது சரியல்ல. வலி அடங்கி வீடு திரும்புகிறவர்களும் உண்டு. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வதும் ஹாஸ்பிஸ்தான்.