பாப்டிசோ

கிரேக்க வினைச்சொல். அமிழ்த்து, மூழ்கடி என்பன இதன் பழைய பொருள்கள். ஞானஸ்நானம் கொடு என்பது பிற்காலப் பொருள். தோய்த்தலையும் சாயமேற்றுதலையும் குறிக்கும் 'பாப்டோ' என்ற வினையிலிருந்து பிறந்தது. ஈற்றிலுள்ள 'இசோ' விகுதி செயலின் தீவிரத்தைக் கூட்டுகிறது என்பர் பழைய இலக்கணிகள் சிலர். அதை எல்லோரும் ஏற்பதில்லை. பாப்டோவின் இந்தோ-ஐரோப்பிய வேரும் ஐயத்துக்குரியதே.

தொடக்கத்தில் இச்சொல்லுக்குச் சமயச் சாயல் கிடையாது. பிளேட்டோவின் 'சிம்போசியம்' உரையாடலில், முந்தின நாள் மிதமிஞ்சிக் குடித்ததை அரிஸ்டோபனிஸ் இச்சொல்லால்தான் சொல்கிறார். 'யூத்திடீமஸ்' உரையாடலிலோ, கேள்விமேல் கேள்வியால் திணறிப்போகும் ஓர் இளைஞனின் நிலையை அது குறிக்கிறது. வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கடற்போரில் மூழ்கிய கப்பல்களுக்கும், ட்ரெபியா ஆற்றை மார்பளவு நீரில் கடந்த காலாட்படைக்கும் இதே வினையை ஆள்கிறார். முழுதும் அமிழ்வதை மட்டுமே சொல் குறித்ததா என்ற வாதத்தில் இந்த மார்பளவு நீர் பலமுறை சான்றாக வந்துள்ளது. யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் தம் தன்வரலாற்றில், ரோமாபுரிக்குப் போகும் வழியில் ஏட்ரியாட்டிக் கடல் நடுவே தம் கப்பல் மூழ்கியதை இவ்வினையால் எழுதினார். சுமார் 600 பேர் இரவு முழுதும் நீந்தினார்கள். விடியும் வேளையில் எதிர்ப்பட்ட சிரேனே நாட்டுக் கப்பலில் ஏறித் தப்பியவர்கள் அவரோடு சேர்த்து ஏறக்குறைய 80 பேரே.

எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் சொல் அரிதாகவே வருகிறது. சீரியப் படைத்தலைவன் நாகமான் யோர்தான் ஆற்றில் ஏழுமுறை முழுகியது அவற்றுள் ஒன்று. புதிய ஏற்பாட்டில் அது சடங்கின் பெயராக நிலைபெற்றது. லத்தீன் திருச்சபை அதை மொழிபெயர்க்காமல் 'பாப்டிசாரே' என்று அப்படியே எடுத்துக்கொண்டது.

முழுதும் அமிழ்த்துவதுதான் பொருளா என்ற பூசல் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவரை வந்தது. கல்கத்தா பாப்டிஸ்ட் மிஷனரிகள் வங்காள வேதாகமத்தில் இவ்வினையை 'முழுக்கு' என்ற பொருளில் பெயர்த்ததால், பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் அதற்கு உதவ மறுத்தது. 1836இல் அமெரிக்க வேதாகமச் சங்கமும் மறுக்கவே, பாப்டிஸ்டுகள் தனிச் சங்கம் கண்டனர். 1860களில் அமெரிக்க பாப்டிஸ்ட் அறிஞர் கொனன்ட் கிரேக்க நூல்களைத் துழாவிச் சான்றுகளைத் திரட்டி, அமிழ்த்தலே பொருள் என்றார். செய்முறையை அன்று, நிலைமாற்றத்தையே சொல் குறிக்கிறது என்று பிரஸ்பிட்டேரியன் போதகர் டேல் மறுத்தார். பூசல் தீரவில்லை.

இன்றைய கிரேக்கத்தில் 'வாஃப்டிசோ' என்ற வடிவம் பெயரிடுதலையும் குறிக்கிறது. தமிழில் புராட்டஸ்டண்டு வேதாகமம் 'ஞானஸ்நானம்' என்கிறது. கத்தோலிக்கர் 'திருமுழுக்கு' என்கிறார்கள். ஆனால் அவர்களிடம் தலையில் நீர் வார்ப்பதே பெருவழக்கு.