வாம்பா, ஜோசஃப்
வாம்பா, ஜோசஃப் (1937–2025): அமெரிக்கக் குற்றப்புனைவு எழுத்தாளர், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் முன்னாள் துப்பறியும் சார்ஜென்ட். பென்சில்வேனியா மாநிலம் ஈஸ்ட் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தையும் போலீஸ்காரரே. அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியபின் 1960இல் காவல்துறையில் சேர்ந்தார்.

முதல் நாவல் 'தி நியூ செஞ்சுரியன்ஸ்' (1971), பணியில் இருக்கும்போதே வெளிவந்தது. புகழ் பரவியதும் விலங்கிட்டு அழைத்துச் சென்ற கைதிகளே அவரிடம் கையெழுத்துக் கேட்கத் தொடங்கினர். வழக்கமான விசாரணை இயலாமற்போக, 1974இல் பதவி விலகி முழுநேர எழுத்தாளரானார்.

குற்றவாளி யார் என்ற புதிரைவிட, வேலை காவலர் மனத்தில் விட்டுச்செல்லும் காயமே இவர் படைப்புகளின் மையம். குடி, மணமுறிவு, தற்கொலை ஆகியவை தயக்கமின்றி எழுதப்பட்டன. 'தி ஆனியன் ஃபீல்ட்' (1973), 1963இல் இரு காவலர் கடத்தப்பட்டு, ஒருவர் வெங்காய வயலில் கொல்லப்பட்ட உண்மை வழக்கைக் கூறுவது. உயிர் தப்பிய காவலர் சக அதிகாரிகளின் பழிச்சொல்லாலும் குற்றவுணர்வாலும் சிதைந்ததை விவரிக்கும் பகுதிகளே இந்நூலின் உச்சம். மரபணுச் சோதனையால் கொலையாளி தண்டிக்கப்பட்ட முதல் வழக்கை 'தி பிளடிங்' (1989) பதிவுசெய்கிறது. பிற்கால நாவல்களுக்குப் பணியிலிருந்த காவலர் பலரை நேரில் சந்தித்துச் செய்தி திரட்டினார். 'ஹாலிவுட் ஸ்டேஷன்' (2006) அவ்வாறு உருவானது. அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் 2004இல் 'கிராண்ட் மாஸ்டர்' விருது வழங்கியது.